கசிவு கலங்கினால் காத்திருக்கலாகாது



2018 ஆகஸ்டு 29 அன்று பெகு வட்டாரத்தின் சுவார் அணையில் மிகைநீர்ப் போக்கி உடைந்தது. 85 ஊர்களில் வெள்ளம் புகுந்தது. 63,000-க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். யாங்கோன் – மாந்தலே நெடுஞ்சாலைப் பாலமும் சேதமுற்றது. நீர் வழிவதைக் கண்டு மக்கள் முன்னரே அஞ்சியிருந்தனர். அணைக்குக் கேடில்லை என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

இத்துயரம் பர்மாவுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது.

மண்ணணைகள் பெரும்பாலும் அறிகுறி காட்டியே உடைகின்றன. கசிவுநீர் தெளிவாக இருந்தால் அதனை நாள்தோறும் அளந்து குறித்துவர வேண்டும். கலங்கி வந்தாலோ, அணையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்று பொருள்; அப்போது காத்திருக்கலாகாது. கீழ்ச்சரிவில் புதிய ஈரம், கட்டின் மேல் விரிசல், ஓரிடம் மட்டும் தாழ்தல், போக்கியின் கற்காரையில் வெடிப்பு ஆகியனவும் கவனத்திற்குரியவை. நீர்த்தேக்க மட்டம் மாறாதிருக்கக் கசிவு மட்டும் கூடுமாயின், அது அபாயக்குறி. தொடர்ந்த பதிவேடு இல்லையெனில் அவ்வேறுபாடு புலப்படாது.

ஆகவே, இப்பயிற்சி பொறியாளர்களோடு நின்றுவிடலாகாது. மதகு காப்பவரும் கீழூர் உழவரும் இவற்றை அறிதல் வேண்டும். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, அன்றே நேரில் சென்று பார்க்கும் கடமை ஓர் அலுவலருக்கு எழுத்தில் விதிக்கப்பட வேண்டும். சுவாரில் கண்டவர்கள் இருந்தனர்; அவர்கள் கண்டதற்கு மதிப்பில்லாமற் போயிற்று.