புதிர்ச் சுற்று அமைத்தல்
(வெள்ளி விழாவையொட்டி இளைஞர் மன்றத்தில் ஆற்றிய உரை)



விழா இரவன்று வினாடி வினா நடத்தவிருக்கும் நீங்கள், அதில் புதிர்ச் சுற்றுகளை எவ்வாறு அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் நடத்திய போட்டியும், 1972 முதல் வானொலியில் ஒலித்த போர்ன்விட்டா வினாடி வினாவும் இப்பழக்கத்தை நம் நாட்டில் பரப்பின. அவை ஆங்கிலம் அறிந்தவர்களுக்கானவை. புதிரோ நமக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அதனைப் 'பிசி' என்கிறது. நாற்று நட்டுக்கொண்டே விடுகதை போட்ட நம் பாட்டிமார் தொல்காப்பியத்தைக் கண்டவர்கள் அல்லர்!

வெறும் செய்தியைக் கேட்கும் வினாவில், வீட்டில் நாளேடும் நூலும் உள்ள பிள்ளையே வெல்லும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை வாய்மூடி அமர்ந்திருக்கும். தனக்கு அறிவு குறைவு என்றும் முடிவு செய்துகொள்ளும். வகுப்பறையில் இதனை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆகவே விடைக்கான வழி வினாவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

"அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய இதழ் எது?" என்றால், தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் விழிப்பார். அதனையே இப்படிக் கேளுங்கள்: "1907இல் சென்னையில் பிறந்த ஓர் இதழ், தன் விலையையே பெயரின் முன்னால் சூடிக்கொண்டது. மறு ஆண்டு விலையை உதிர்த்துவிட்டு, நம் மொழி பேசுபவனின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. அது எது?" இப்போது கூட்டமே யோசிக்கும். 'ஒரு பைசாத் தமிழன்' என்று எவரேனும் கண்டுபிடித்துவிட்டால், பிறகு அதனை மறக்கமாட்டார்.

நம் வட்டாரத்தையும் வினாவாக்குங்கள். மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி என்று வரிசை கூறி, அடுத்ததை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி என்று முடியுங்கள். சிப்காட்டுக்கு ரயிலில் வேலைக்கு வரும் சகோதரி, பட்டதாரிக்கு முன்பே கவரைப்பேட்டை என்பார். ஆறு தீக்குச்சிகளால் நான்கு சம முக்கோணங்கள் அமைக்கச் சொல்லுங்கள். மேசைமேல் பரப்பிப் பார்ப்பவர் திணறுவார். மூன்றைத் தரையில் முக்கோணமாக வைத்து, மற்ற மூன்றைக் கூம்பாக நிறுத்த வேண்டும் என்பது, இரும்புச் சட்டம் பற்றவைக்கும் தொழிலாளிக்கு எளிதில் தோன்றக்கூடும்.

இரண்டு விடைக்கு இடம் தரும் வினா சண்டையில் முடியும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், பழவேற்காடு ஆகியவற்றுள் பொருந்தாதது எது? உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடு என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். 1944இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி உண்டானது பூண்டி என்று ஒருவர் எழுந்தால் என்ன சொல்வீர்கள்? அவர் கூறுவதும் சரிதானே! ஆகவே "நீரைச் சுவைத்துப் பாருங்கள்" என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். வினாக்களை அணியில் சேராத இருவரிடம் முன்னதாகவே சோதித்துக்கொள்வதும் நலம்.

மணியடிக்கும் முறை வேண்டாம். முந்திக் கத்துபவன் வெல்வான். பெண் பிள்ளைகள் பின்தங்குவர். தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு புதிருக்கு இரண்டு நிமிடம் போதும். குறிப்பின்றி விடை கூறினால் 10 மதிப்பெண், குறிப்பு பெற்றால் 5. ஒவ்வோர் அணியிலும் மாணவர் ஒருவர், தொழிலாளி ஒருவர், மூத்தவர் ஒருவர் இருக்கட்டும். முதல் ஷிப்ட் முடித்தவர்கள் குளித்து உண்டு வர நேரம் வேண்டும். ஏழு மணிக்கு முன் தொடங்காதீர்கள். கடைசிச் சுற்றுக்கு விடுகதைகள் தேவை. வீட்டுக்கு ஒன்றாகப் பாட்டியிடம் கேட்டு எழுதி, மன்றச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.