ஊர்ப்பெயரில் ஒரு முற்றுப்புள்ளி



நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரே இந்தக் கருத்தரங்கின் பொருளுக்கு ஒரு சோதனைத்தாள். எம்.ரெட்டியபட்டி. தமிழ் உரையை வாக்கியம் வாக்கியமாகப் பிரிக்க ஒரு நிரல் வேண்டும் என்று நிரலெழுதும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேளுங்கள். முற்றுப்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும் நிரலை அது தந்தால், ‘எம்’ ஒரு வாக்கியமாகிவிடும். ரெட்டியபட்டி அடுத்த வாக்கியத்தின் தலையில் போய் உட்காரும். டி.கல்லுப்பட்டிக்கும் எஸ்.கொடிக்குளத்துக்கும் வ.புதுப்பட்டிக்கும் இதே கதிதான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நம் எல்லோருக்கும் இதே கதிதான்.

தமிழர் பெயர்களில் தலைப்பெழுத்து உண்டா என்று அதே உதவியாளரிடம் கேட்டால், உண்டு என்று அழகாக விளக்கும். தெரிந்திருந்தும், நிரல் எழுதும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. நாம் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்ளும். மறுநாள் புதிய உரையாடலைத் திறந்தால் பழைய திருத்தம் பெரும்பாலும் போன இடம் தெரியாது. அலுவலகத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் ஒரே அறிவுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த அலுப்புக்கு மருந்தாக வந்ததுதான் ஸ்கில் என்ற ஏற்பாடு. 2025 அக்டோபர் 16 அன்று ஆந்த்ரோபிக் நிறுவனம் இதை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், யாரும் பின்பற்றலாம் என்று திறந்த தரமாகவும் வெளியிட்டது. அமைப்பு எளியது. ஒரு கோப்புறை, அதற்குள் ‘ஸ்கில்.எம்டி’ என்ற உரைக்கோப்பு. கோப்பின் தலையில் ஒரு பெயர், எப்போது பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் சிறு விவரிப்பு. அதன் கீழே வேலை செய்யும் முறை. வேண்டுமானால் துணைக்கோப்புகளும் ஓட்டிப்பார்க்கும் நிரல்களும் அதே கோப்புறையில் இருக்கலாம்.

இதில் சூட்சுமம் எங்கே என்றால், உதவியாளர் தொடக்கத்தில் பெயரையும் விவரிப்பையும் மட்டும்தான் படித்து வைத்துக்கொள்கிறது. அந்த வேலை வந்து நிற்கும்போதுதான் முழுக் கோப்பையும் திறக்கிறது. துணைக்கோப்புகளை அதற்கும் பிறகு. கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறப்பவனுக்கு ஊரில் என்ன பெயர் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். உதவியாளர் ஒரு நேரத்தில் கவனத்தில் வைத்துக்கொள்ளும் உரைக்கும் அளவு உண்டு. தேவையில்லாததைக் கொட்டினால் தேவையானது அமுங்கிப்போகும்.

மறுபயன்பாடு என்ற ஆசை புதியதில்லை. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டில், பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய், மென்பொருளையும் உதிரிபாகங்களாகச் செய்து பட்டியலிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும் என்று வாதிட்டார். பின்னர் யூனிக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டும் குழாய் முறைக்கு வித்திட்டவரும் அவரே. அன்று மறுபடி பயன்படுத்த நினைத்தது நிரலை. இன்று நிரலோடு சேர்த்து, அதை எழுதுபவரின் பக்குவத்தையும் கோப்பில் வைக்கப் பார்க்கிறோம். அது கடினமான காரியம். எனவேதான் இணையத்தில் கிடைக்கும் ஸ்கில்களில் பல, ‘தெளிவாக எழுது, பிழைகளைக் கையாள், சோதித்துப் பார்’ என்று யாருக்கும் தெரிந்ததைப் பத்துப் பக்கத்துக்கு நீட்டுகின்றன. உதவியாளருக்கு ஏற்கெனவே கைவந்ததை மறுபடி எழுதுவது இடத்துக்குக் கேடு. அது வழக்கமாகத் தவறும் இடத்தை மட்டும் எழுத வேண்டும் என்பதுதான் நான் இந்த அவையில் வைக்கும் ஒரே கட்சி.

அப்படிப் பார்த்தால், தமிழ் உரையைக் கையாளும் நிரல்களுக்கு ஒரு ஸ்கில் எழுத நம்மிடம் தாராளமாகச் சரக்கு இருக்கிறது.

அகரவரிசையை எடுத்துக்கொள்வோம். பந்தல்குடி, பரளச்சி, எங்கும் இருக்கும் பனையூர் ஆகிய மூன்றையும் நம் பள்ளிப்பிள்ளைகள் இந்த வரிசையில்தான் எழுதுவார்கள். யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலோ பனையூரைப் பரளச்சிக்கு முன்னால் வைக்கும். காரணம் பழையது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை ஒட்டியது. அங்கே இந்திய எழுத்துகளெல்லாம் தேவநாகரியோடு கட்டம் கட்டமாகப் பொருத்தப்பட்டன. அதனால் ‘ன’ கடைசியில் நிற்காமல் ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும் போய் நின்றன, ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வை முந்திக்கொண்டன. மொழிக்கேற்ற வரிசை விதிகள் ஐசியு என்ற நிரல் நூலகத்தில் ஆயத்தமாக இருக்கின்றன. ‘தமிழ்ப் பெயர்களை அடுக்கும்போது அதைப் பயன்படுத்து’ என்ற ஒரே வரி போதும். அந்த வரி இல்லாததால், வரிசை பிறழ அடுக்கப்பட்ட பெயர்ப்பட்டியல்களில் நாம் கண்ணைத் தேய்த்துக்கொண்டு தேடுகிறோம்.

அடுத்தது எஸ்.கொடிக்குளம். அதிலுள்ள ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்க வேண்டும். நீளத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறி. குறியைக் கணக்கிட்டுப் பெயரை நறுக்கும் நிரல் புள்ளியைத் தனியாகவும் மெய்யைத் தனியாகவும் பிய்த்துப் போடும்.

அரசு அலுவலகங்களில் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் தட்டச்சான பழைய ஆவணங்கள் இன்னொரு வகை. இங்கே உரைநடையில் அறிவுரை எழுதிப் பயனில்லை. எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்ற மாற்றுப்பட்டியலை உதவியாளர் நினைவிலிருந்து ஒப்பிக்கக் கூடாது. சோதித்துப் பார்த்த மாற்று நிரலைக் கோப்புறையிலேயே வைத்து, ‘இதை ஓட்டு’ என்று சொல்லிவிட வேண்டும். எப்போதும் ஒரே விடை வர வேண்டிய வேலையை நிரலிடமும், சூழல் பார்த்து முடிவெடுக்க வேண்டியதை உதவியாளரிடமும் விடுவது என் வழக்கம்.

விவரிப்பு வரியை எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘தமிழுக்கு உதவும்’ என்று எழுதினால் உதவியாளர் எப்போது திறப்பது என்று தெரியாமல் விழிக்கும். ‘தமிழ்ப் பெயர், ஊர், முகவரி ஆகியவற்றை அடுக்கும்போதும் தேடும்போதும் வாக்கியம் பிரிக்கும்போதும் பயன்படுத்து’ என்று வேலையின் பெயரைச் சொல்ல வேண்டும். தரத்தின்படி இதற்கு 1024 குறிவரை இடம் உண்டு, தமிழில் எழுதினாலும் அது போதும்.

எழுதிய ஸ்கில் உதவுகிறதா என்று அறிய, ஒரே வேலையை அது இல்லாமலும் அதனோடும் செய்யவைத்து விடைகளை ஒப்பிட வேண்டும். வேறுபாடு தெரியவில்லை என்றால் கூச்சமின்றி நீக்கிவிடலாம். உதவியாளரை இயக்கும் மாதிரிகள் முன்னேறும், இந்த ஆண்டு தேவைப்பட்ட வரி அடுத்த ஆண்டு வெறும் சுமையாகலாம். நாளை வாசிக்கப்படும் கட்டுரைகளில் இந்த ஒப்பீட்டைச் செய்யாதவை இருந்தால், கேள்வி நேரத்தில் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பிறர் எழுதிய ஸ்கிலைப் பதிவிறக்கும்போது ஓர் எச்சரிக்கை. அது உங்கள் கணினியில் நிரல்களை ஓட்டக்கூடியது. அதன் உரையே உதவியாளருக்குக் கட்டளை. கடவுச்சொல் கோப்பை எங்கோ அனுப்பு என்று நடுப்பக்கத்தில் ஒரு வரி ஒளிந்திருந்தாலும் உதவியாளர் கீழ்ப்படிய வாய்ப்புண்டு. உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பையும் ஒரு மனிதர் படித்த பிறகே அலுவலகக் கணினியில் ஏற்ற வேண்டும். இங்கே சுருக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த இரண்டு நாளில் ஒரு வேலை முடிய வேண்டும் என்று கருத்தரங்கின் தலைவர் என்ற உரிமையில் கேட்கிறேன். தமிழ் உரைக்கான ஸ்கில் ஒன்று, கட்டற்ற உரிமத்தோடு, சோதனைத் தரவுகளோடு கிட் களஞ்சியத்தில் ஏற வேண்டும். சோதனைத் தரவுக்கு இந்த வட்டார ஊர்ப்பெயர்களே போதும். தலைப்பெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும், புள்ளியோடும் புள்ளியின்றியும் அவை எழுதப்படும் எல்லா வடிவங்களையும் மாணவர்கள் திரட்டலாம். யார் பராமரிப்பது என்பதை மதிய உணவுக்கு முன்பே பேசி முடித்துவிடுவோம், சாப்பிட்ட பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.