எட்டுப் புலவரும் ஒரு பட்டமும்



அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டோர், பட்டம் பெறுதற்குப் பல்லாண்டுகளாக ஒரு வாயிலைக் கடந்தாக வேண்டியிருந்தது. 'பெரும் ஆங்கிலப் புலவர்கள்' என்பது அப்பாடத்தின் பெயர். முதற்பருவத்தில் சாசர், ஸ்பென்சர், ஷேக்ஸ்பியர், டன். அடுத்ததில் மில்டன், போப், வேர்ட்ஸ்வொர்த், எலியட். எலியட்டுக்கு மாற்றாக மட்டும் வேறொரு புதுக்கவிஞர் அமையலாம்.

2016இல் மாணவர் விண்ணப்பம் ஒன்று எழுந்தது. பெண்டிர் பாடலும் வெள்ளையரல்லாதார் பாடலும் இன்றி ஓராண்டு கழிவது முறையோ என்பது அவர்தம் வினா. நேரிய வினாவே. மறுநாள் வகுப்பில் அவ்வெண்மரைக் கற்பித்தாக வேண்டிய பேராசிரியர்க்கும் அது நேரியதே.

2017இல் துறை விதியை மாற்றியது. ஆங்கிலக் கவிதைப் பாடம் இரண்டு, அமெரிக்க இலக்கியம் ஒன்று, உலக ஆங்கில இலக்கியம் ஒன்று. இந்நான்கில் மூன்று போதும். கணக்கிட்டுப் பார்ப்பின், பழங்கவிதையை முற்றும் தவிர்த்தல் எவர்க்கும் இயலாது. ஒரு பாதியைத் தவிர்க்கலாம்.

இழப்பு அவ்விடத்தேதான் உள்ளது. எண்மரையும் வரிசையாகப் பயின்றோர், ஸ்பென்சரின் குரல் மில்டனிடத்தும், மில்டனின் குரல் வேர்ட்ஸ்வொர்த்திடத்தும் மறுபடி ஒலிக்கக் கேட்டனர். கட்டாயமின்றி ஸ்பென்சரைத் தேடிச் செல்லும் இளைஞர் எத்துணைப் பேர்? இனி வேர்ட்ஸ்வொர்த்தைக் கற்றும் ஸ்பென்சரைக் கேளாதவராய் ஒருவர் பட்டம் பெறலாம்.