காட்டைக் காப்பது சட்டமே!

  

காட்டையும் காட்டு உயிர்களையும் காப்பது ஊராரா, சட்டமா? எதிரணித் தம்பி ‘ஊரார்தான்’னு முழங்கிட்டு உட்கார்ந்தாரு. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியைச் சொன்னாரு. பறவைகள் மிரளக் கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். நான் மறுக்கலீங்க. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்காக நாம டி.வி. சத்தத்தைக் குறைக்க மாட்டேங்கறோம். அந்த ஊர் நாரைக்காக வெடியையே விட்டுடுச்சு. (சிரிப்பு)

அப்புறம் வேடந்தாங்கலைச் சொன்னாரு பாருங்க, அங்கேதான் மாட்டிக்கிட்டாரு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். அதனாலே ஊரே காத்தது, உண்மை. ஆனா 1790களிலே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோட வந்து சுட்டாங்களே, அப்போ என்ன செஞ்சாங்க? ‘இது எங்க ஊர்ப் பழக்கமுங்க’ன்னு சொன்னா துப்பாக்கிக்காரன் கேட்பானா? செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரைகிட்டே போய் ஒரு கவுல் வாங்கினாங்க. கவுல்னா உறுதிச் சீட்டு. 1858லே புதுப்பிச்சும் வாங்கினாங்க. ஊர்க்கட்டுப்பாடு ஊர்க்காரனைக் கட்டும். வெளியூர்க்காரனைக் கட்டினது காகிதம்! (கைதட்டல்)

அந்தக் காகிதத்தோட பெரிய வடிவம்தான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அது எல்லா இடத்துக்கும் ஒரே பூட்டுப் போடலீங்க. நம்ம வீட்டிலே கூடம் இருக்கு, பூஜை அறை இருக்கு. சரணாலயம் கூடம் மாதிரி. ஏற்கெனவே உரிமை உள்ளவங்களுக்குச் சில உரிமைகளைக் கலெக்டர் விசாரிச்சுத் தொடர விடலாம். தேசியப் பூங்கா பூஜை அறை. ஆடுமாடு மேய்க்கவும் வழியில்லை. சென்னைக்குள்ளே கிண்டியிலே புள்ளிமானும் வெளிமானும் நிக்குதே, அது 1978 முதல் தேசியப் பூங்கா. பக்கத்திலே ஒரு கிரவுண்டு என்ன விலைன்னு விசாரிச்சுப் பாருங்க! சட்டம் மட்டும் இல்லேன்னா அங்கே மான் நிக்காது ஐயா, அடுக்குமாடிதான் நிக்கும். (சிரிப்பு, கைதட்டல்)

‘சட்டம் காட்டுக்குள்ளே இருந்தவங்களையே துரத்துச்சே’ன்னு தங்கச்சி கேட்டாங்க. அந்தக் கேள்வி எனக்கு வலிக்குது. தலைமுறை தலைமுறையா வாழ்ந்தவங்களை ஆக்கிரமிப்பாளர்னு சொன்னது பெரிய பாவம். நான் அதுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா அந்தப் பாவத்தைத் திருத்தறதுக்கு எதைக் கொண்டு வந்தோம்? 2006லே இன்னொரு சட்டம், வன உரிமைச் சட்டம்.

அதுக்கு முன்னே, 2002 திருத்தத்திலே வீட்டுக்குத் திண்ணையும் கட்டினாங்க. அரசு நிலத்திலே ஊராரைக் கலந்து அமைச்சா பாதுகாப்புக் காப்பகம். சொந்த நிலத்தை அவங்களே மனசார விட்டுக் கொடுத்தா சமுதாயக் காப்பகம். தாமிரபரணிக் கரையிலே திருப்புடைமருதூர் இருக்கே, நாறும்பூநாதர் கோயில் ஊர், அங்கே மரமெல்லாம் பறவைக் கூடு. ஊரைக் காலி பண்ணுங்கன்னு எவனும் சொல்லலை. ஏழே ஏக்கர், 2005லே நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம் ஆச்சு. ஊராரும் சட்டமும் அங்கே சம்பந்திங்க, சண்டைக்காரங்க இல்லே!

ஐயா மணியிலே கை வைக்கிறாரு. ஒரு நிமிஷம்! மறுபடி வேடந்தாங்கல். 1998லே ஏரியைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் சரணாலயம்னு அரசாணை போட்டாங்க. 2020லே அதை மூணாச் சுருக்கலாம்னு ஒரு யோசனை கிளம்புச்சு. இந்தத் தடவை வந்தவன் கையிலே துப்பாக்கி இல்லே, வரைபடம் இருந்தது. எதிர்த்து நின்னவங்க எதைக் காட்டி வாதாடினாங்க? அதே 1998 அரசாணையை! பிளேஸ் துரை கவுலுக்கு இருநூறு வருஷம் கழிச்சும் காகிதம்தான் ஐயா கைகொடுத்தது. (மணி ஒலிக்கிறது) அடிச்சுட்டாரு! எதிரணியிலே அடுத்து வர்ற அம்மா, அந்த அரசாணை இல்லேன்னா எதைக் காட்டியிருப்பாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் பேச ஆரம்பிக்கட்டும்.  (பலத்த கைதட்டல்)