மழைக்காலமும் வீட்டுக் காற்றும்
(பண்ணை மகளிர் பயிற்சியில் நிகழ்த்திய உரை)



பயிரில் நோய் கண்டால் இலையைப் பறித்துக்கொண்டு எங்களிடம் ஓடி வருகிறீர்கள். ஐப்பசி தொடங்கி வீட்டில் குழந்தை விடாமல் இருமினால் மட்டும், "மழைக்காலம், அப்படித்தான்" என்று இருந்துவிடுகிறோம். அந்த இருமலுக்கு வீட்டுக் காற்றும் காரணமாக இருக்கலாம்.

காவிரி டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள். முற்றத்தில் காற்று இறங்கும். ஓட்டு இடுக்கில் புகை வெளியேறும். சுண்ணாம்புக் காரை சுவரின் ஈரத்தை வெளியே விடும். நாம் முற்றத்தைத் தகரத்தால் மூடினோம். சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். சிமெண்ட் பூச்சு ஈரத்தை எளிதில் விடுவதில்லை. பூச்சு உப்பி உதிர்கிறது. சுவரில் பூஞ்சாணம் படர்கிறது. அதன் வித்துக்கள் காற்றில் கலந்து, இளைப்பு நோய் உள்ளவர்களை வாட்டுகின்றன.

இதற்கு என்ன செய்யலாம்?

முதலில், ஒழுகும் ஓட்டை மாற்றுங்கள். கூரைநீர் சுவரோரம் தேங்காமல் வாய்க்கால் எடுங்கள். பழைய காரைச் சுவரைச் சுண்ணாம்புக் காரையாலேயே பழுதுபார்த்து, வெள்ளையடியுங்கள். பூஞ்சாணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. வித்துக்கள் வீடெங்கும் பரவும். மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மழை விட்டு வெயில் வந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அடுத்தது நெல். குறுவை அறுவடை மழையில் சிக்கினால் ஈர நெல்லைக் கூடத்தில் அடுக்குகிறோம். நெல்லும் கெடும், காற்றும் கெடும். ஈரப்பதம் 12 சதத்திற்கு வரும்வரை காயவைத்து, மரக்கட்டைகளின்மேல், சுவரை ஒட்டாமல் மூட்டைகளை அடுக்குங்கள். பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்கவே கூடாது; அதற்குத் தனிக் கொட்டகையும் பூட்டும் வேண்டும்.

மூன்றாவது புகை. எரிவாயு வந்த வீடுகளிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு எரிகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் உலகில் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். ஈர விறகு அதிகம் புகையும். எனவே ஆவணிக்குள் விறகை உலர்த்திக் கொட்டகையில் சேருங்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வைத்து, கூரைக்கு மேல் உயர்த்துங்கள். படியும் கரியை மாதந்தோறும் தட்டுங்கள். அடுப்பு எரியும்போது கைக்குழந்தையை அருகில் வைத்திருக்காதீர்கள்.

இவற்றில் பெரும்பாலானவை சுண்ணாம்பும் உழைப்பும் மட்டுமே கேட்பவை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள்.

விதைநெல்லுக்குக் காற்றோட்டமான இடம் தேடுகிறோம். பிள்ளைகள் உறங்கும் அறைக்கும் அதைத் தேடுவோம்.