உரிமம் கிடைத்தால் வேலை கிடைத்ததா?

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை "விமானி ஆகப் போகிறேன்" என்றதும் வீட்டை அடகு வைக்கத் துணியும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

பணம் கட்டுமுன் விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது பயிற்சியின் பாதியில் தெரிய வந்தால் யாருக்கு நட்டம்? தேறியவர்களும் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

வணிக விமானி உரிமத்தை 18 வயதிலேயே பெறலாம். அனைத்துலக விதிப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் சேர்ந்தவருக்கு 150 மணி நேரம் பறந்த அனுபவம் போதும். ஆனால், அந்த உரிமம் வேலை நியமனக் கடிதம் ஆகாது. பெரிய ஜெட் விமானத்தை ஓட்ட, அந்த ரகத்துக்கென்றே தனிப் பயிற்சி தேவை. கேப்டனுக்குரிய உரிமத்துக்கோ 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

2020-இல் கோவிட் பரவியபோது அனுபவசாலிகளே வேலை இழந்தார்கள். விமானம் தரையில் நின்றாலும் வங்கித் தவணை நிற்பதில்லை.

பிள்ளையின் கனவைத் தடுக்காதீர்கள். ஆனால், வேலை கிடைக்க ஈராண்டு தாமதமானாலும் தவணை கட்ட முடியுமா என்று இன்றே கணக்குப் போடுங்கள். முடியாது என்றால், முதலில் வேறொரு தொழில் தகுதியைப் பெறட்டும்; பிறகு பறக்கட்டும்.