டயர் வெடித்தது விதியா?



இன்றைய அரங்கின் கேள்வி இது. பிக்கப் வண்டியின் டயர் காலத்துக்கு முன்பே தேய்ந்து வெடித்தால் குற்றம் யாருடையது? செய்து விற்றவருடையதா, ஓட்டியவருடையதா?

கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர் தோட்டங்களிலும் இதற்கு மூன்றாவதாக ஒரு பதில் உண்டு. "நேரம் சரியில்லை" என்பதே அது. வண்டி கால்வாயில் கவிழும். உயிர் தப்பினால் கோயிலில் தேங்காய் உடைப்பார்கள். வெடித்த டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு போவார்கள். ஏன் வெடித்தது என்று கேட்பவர் இல்லை.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917 இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தோட்டத்தின் பெயரே தமிழ்! சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பிக்கப் ஓட்டுகிறார்கள். பின்னால் உர மூட்டைகள், செம்பனைக் குலைகள், சில வேளைகளில் ஆட்களும்கூட. பாட்டன் எடுத்த பால் டயராகித் திரும்பி வந்திருக்கிறது. அந்த டயரைப் படிக்கத்தான் பேரனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

டயர் திடீரென்று சாவதில்லை, முன்கூட்டியே பேசுகிறது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட் சரியில்லை. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் பலவீனம். பக்கச் சுவரில் கட்டிபோல் வீங்கினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அந்த டயர் இனி ஓடக்கூடாது. குறைந்த காற்றோடு அதிகப் பாரம் ஏற்றினால் டயர் மிகுதியாக நெளியும், நெளிந்தால் சூடேறும், சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகள் ரப்பரை விட்டுப் பிரியும். பூ இருந்தாலும் ரப்பருக்கு மூப்பு உண்டு. பக்கச் சுவரில் 2319 என்றிருந்தால், அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர்.

இவை ஓட்டுபவரின் பொறுப்பு. அப்படியானால் செய்தவர் தப்பிவிடலாமா?

உலகம் அறிந்த வழக்கு ஒன்று உண்டு. அதில் மலேசியாவுக்கும் பங்கு உண்டு. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளிலும் ரேஞ்சர் பிக்கப்களிலும் ஃபயர்ஸ்டோன் டயர்கள் மாட்டப்பட்டிருந்தன. ஓடிக் கொண்டிருக்கும்போதே டயரின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. 1998 இல் ஒரு காப்பீட்டு நிறுவன ஆய்வாளர் 21 சம்பவங்களைத் தொகுத்து அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அனுப்பினார். நடவடிக்கை இல்லை. ஃபோர்டு நிறுவனம் 1999 இல் வளைகுடா நாடுகளிலும், 2000 பிப்ரவரியில் மலேசியாவிலும் தாய்லாந்திலும் டயர்களை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்க மக்களுக்கோ அப்போது எதுவும் சொல்லப்படவில்லை. அதே மாதம் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று செய்தியை வெளியிட்ட பிறகே புகார்கள் குவிந்தன. மே மாதம் விசாரணை தொடங்கியது. ஆகஸ்ட் 9 இல் ஏறத்தாழ 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் 271 மரணங்கள் இந்த டயர்களோடு தொடர்புடையவையாகப் பதிவாயின.

அங்கேயும் இதே பட்டிமன்றம்தான் நடந்தது. டயர்தான் குற்றவாளி என்றது ஃபோர்டு. வண்டியும், ஃபோர்டு பரிந்துரைத்த 26 பவுண்டு குறைந்த காற்றழுத்தமும்தான் காரணம் என்றது ஃபயர்ஸ்டோன். இறுதியில் 2001 இல் அரசு விசாரணை, குறிப்பிட்ட டயர்களில் பாதுகாப்புக் குறை இருந்ததாக முடிவு செய்தது. வெளிநாடுகளில் இப்படி மாற்றிக் கொடுத்தால் அதை அமெரிக்க அரசுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 2000 நவம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது.

இதில் தோட்டத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு டயர் வெடித்தால் அது விதி. இருபத்தொரு டயர்களைத் தாளில் எழுதி வரிசைப்படுத்தினால் அது குறைபாடு. எண்ணாதவரை எல்லாமே விதியாகத்தான் தெரியும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து, பாரத்துக்கு ஏற்ப, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று நிரப்ப வேண்டும். குலை ஏற்றும் நாளுக்கு ஓர் அளவு, வெறும் வண்டிக்கு ஓர் அளவு. தோட்டத்துக்குள் போய்வந்தால் செம்பனை மட்டையின் முள் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். ஒரு சிறு நோட்டில் வாங்கிய தேதி, டயரின் எண், ஓடிய தூரம், காற்றின் அளவு நான்கையும் எழுதி வைக்க வேண்டும். வெடித்த டயரைக் கடையில் விட்டுவிட்டு வரக்கூடாது, அதுதான் சாட்சி.

இவ்வளவும் கையில் இருந்தால், "நீ காற்று பார்க்கவில்லை" என்று கடைக்காரர் வாயடைக்க முடியாது. 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளுக்கு 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை.

இனி அரங்கின் கேள்விக்குப் பதில். குற்றம் சில வேளை ஓட்டியவருடையது, சில வேளை செய்தவருடையது. எது என்று பிரித்துக் காட்டுவது அந்தச் சிறு நோட்டு. தேங்காய் உடைக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முன் காற்றைப் பார்த்துவிட்டு உடைக்கட்டும். பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.